மெக்சிகோ சிட்டி – குவாதலஹாரா: விமானமா, பஸ்ஸா, காரா? வாசல் டு வாசல் கணக்கு

500 கிலோமீட்டர் தாண்டி ஒரு ஊருக்குப் போகணும்னா நம்ம கை முதல்ல எங்கே போகும்? ரயில் டிக்கெட் ஆப்புக்கு. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் ஊர். மெக்சிகோவில் வேலை கிடைத்துப் போகும் இந்தியர்களுக்கு முதல் அதிர்ச்சி இங்கேதான். நாட்டின் தலைநகரத்துக்கும், அடுத்த பெரிய நகரங்களில் ஒன்றான குவாதலஹாராவுக்கும் நடுவில் பயணிகள் ரயில் கிடையாது.

அப்போ எப்படிப் போவது? விமானம், பஸ், கார் என்று மூன்று வழி. எது சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் விமானம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் டிக்கெட்டில் இருக்கும் நேரத்தையும் விலையையும் தாண்டி, வீட்டு வாசலில் இருந்து போய்ச் சேரும் வாசல் வரை கணக்கு போட்டால் பதில் அவ்வளவு எளிதாக இல்லை. பாதுகாப்பையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் சிக்கல். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த வழித்தடம் நமக்கு ஏன் முக்கியம்?

குவாதலஹாரா, ஜாலிஸ்கோ மாநிலத்தின் தலைநகர். "மெக்சிகோவின் சிலிக்கான் வேலி" என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இன்டெல், ஐபிஎம், ஆரக்கிள் போன்ற நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. டிசிஎஸ், ஹெச்சிஎல் ஆகிய இந்திய நிறுவனங்களுக்கும் அங்கே அலுவலகங்கள் உண்டு. அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பக்கத்து நேர மண்டலத்தில் இருந்து வேலை செய்து கொடுக்கும் திட்டங்களுக்காக இந்தியாவில் இருந்து ஆட்கள் அனுப்பப்படுகிறார்கள்.

ஆனால் இந்தியத் தூதரகம் இருப்பது மெக்சிகோ சிட்டியில். பெரிய வாடிக்கையாளர்களின் தலைமை அலுவலகங்களும் பெரும்பாலும் அங்கேதான். ஆக, பாஸ்போர்ட் வேலையோ ஒரு மீட்டிங்கோ, இந்த 540 கிலோமீட்டரை நீங்கள் கடந்தே ஆகணும். தூரத்தில் கிட்டத்தட்ட பெங்களூரு–ஹைதராபாத் மாதிரி.

(பெயர் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை: ஆங்கில எழுத்தைப் பார்த்து "குவாடலஜாரா" என்று படிப்போம். அங்கே "ஜ" கிடையாது, "ஹ"தான். பஸ் கவுன்ட்டரில் உதவும்.)

முதல்ல, ரயில் ஏன் இல்லை?

ஒரு காலத்தில் இருந்தது. "எல் தபாதியோ" என்ற இரவு ரயில் இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவில் ஓடியது. தபாதியோ என்றால் குவாதலஹாரா ஊர்க்காரர் என்று அர்த்தம்.

1937-ல் ரயில்வேயை நாட்டுடைமையாக்கினார் அதிபர் லாசரோ கார்தெனாஸ். 1995-ல் அதிபர் எர்னெஸ்தோ செதியோ காலத்தில் அரசியலமைப்பைத் திருத்தி, ரயில் பாதைகள் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றை எடுத்த நிறுவனங்களுக்கு லாபம் சரக்கில்தான். 1990-களின் இறுதிக்குள் பயணிகள் ரயில்கள் கிட்டத்தட்ட எல்லாமே நின்றுபோயின. வடக்கே மலைகளுக்குள் ஓடும் "எல் செப்பே" மாதிரி ஒன்றிரண்டுதான் மிச்சம்.

தண்டவாளம் இன்றும் இருக்கிறது, சரக்கு ஓடுகிறது, ஆட்கள் ஏற முடியாது. அவ்வளவுதான்.

இப்போது சக்கரம் திரும்பிச் சுழல்கிறது. 2024-ல் அரசியலமைப்பை மறுபடியும் திருத்தி, பயணிகள் ரயிலை நடத்தும் அதிகாரத்தை அரசு திரும்பப் பெற்றது. அதிபர் கிளாடியா ஷெய்ன்பாம் ஆட்சியில் 2025 ஏப்ரலில் மெக்சிகோ சிட்டி–கெரேத்தரோ பாதைக்கு வேலை தொடங்கியது. நீளம் சுமார் 226 கிலோமீட்டர். அதை இராப்புவாத்தோ வரை நீட்டுவதும், அங்கிருந்து குவாதலஹாராவை இணைப்பதும் திட்டத்தில் உண்டு.

ஆனால் உடனே கனவு காண வேண்டாம். இதே கெரேத்தரோ பாதையில் அதிவேக ரயில் விட 2014-லேயே ஒரு சீன நிறுவனம் தலைமையிலான குழுவுக்கு ஒப்பந்தம் கொடுத்து, சில நாளிலேயே ரத்து செய்த வரலாறு இருக்கிறது. உங்கள் ஆன்சைட் காலத்துக்குள் குவாதலஹாராவுக்கு ரயில் வரும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள்.

விமானம்: காற்றில் 1½ மணி நேரத்துக்கும் குறைவு. மீதி?

மெக்சிகோவின் மிகப் பரபரப்பான உள்நாட்டு வழித்தடங்களில் இது ஒன்று. ஏரோமெக்சிகோ, வொலாரிஸ், விவா மூன்றும் நாள் முழுக்கப் பறக்கின்றன. பறக்கும் நேரம், ஓடுபாதையில் ஊர்வதையும் சேர்த்து, சுமார் 1 மணி 25 நிமிடம்.

டிக்கெட் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது விலை இல்லை, எந்த ஏர்போர்ட் என்பது. மெக்சிகோ சிட்டிக்கு இரண்டு முக்கிய ஏர்போர்ட்கள் உண்டு.

பெனிட்டோ ஹுவாரெஸ்: நகரத்துக்குள்ளேயே இருப்பது. டெர்மினல் 1-ல் வொலாரிஸ், விவா. டெர்மினல் 2-ல் ஏரோமெக்சிகோ. டெர்மினல் 1-க்குப் பக்கத்திலேயே மெட்ரோ 5-ஆம் பாதையின் தெர்மினால் ஆயெரெயா ஸ்டேஷன். மெட்ரோ கட்டணம் 5 பெசோ.

ஃபெலிப்பே ஆங்ஹெலெஸ்: 2022 மார்ச் 21-ல் திறந்த புதிய ஏர்போர்ட். நகர மையத்தில் இருந்து சுமார் 45 கிலோமீட்டர் வடக்கே. இங்கே ஏர்போர்ட் கட்டணம் குறைவு என்பதால் டிக்கெட்டும் பல நேரம் மலிவாகத் தெரியும்.

இரண்டும் தேடல் முடிவில் "மெக்சிகோ சிட்டி" என்றே வரும். குறியீட்டைக் கவனியுங்கள்: பழையது எம்-இ-எக்ஸ், புதியது என்-எல்-யு. நகரத்தின் தெற்கே இருப்பவர் மலிவாக இருக்கிறதே என்று புதியதற்கு டிக்கெட் போட்டால், மிச்சம் பிடித்தது டாக்ஸிக்கே போய்விடும்.

பழைய ஏர்போர்ட்டில் விமான எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு 61 என்று இருந்ததை 2022-ல் 52 ஆகவும், 2024 ஜனவரியில் 43 ஆகவும் அரசு குறைத்தது. இடம் குறைந்தால் வசதியான நேரத்து டிக்கெட் விலை ஏறத்தான் செய்யும்.

அடுத்தது பெட்டி. மலிவு விமான நிறுவனங்கள் காட்டும் ஆகக் குறைந்த விலையில் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் வைக்கும் பை மட்டும்தான் அடக்கம். மேலே வைக்கும் பெட்டி, கீழே போடும் பெட்டி, சீட் தேர்வு எல்லாமே தனிக்காசு. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது விலை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸோடு ஒப்பிடணும்.

தாமதம் ஆனால்? மெக்சிகோ சட்டத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. நிறுவனத்தின் தவறால் விமானம் ரத்தானாலோ 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, டிக்கெட் விலையில் குறைந்தது 25% இழப்பீடு கேட்கலாம். பிடி கொடுக்கவில்லை என்றால் புரோஃபெக்கோ என்ற நுகர்வோர் அமைப்பிடம் போகலாம், பெரிய ஏர்போர்ட்களில் அவர்களின் கவுன்ட்டர் உண்டு. ஆனால் வானிலை காரணம் என்றால் இது பொருந்தாது. மெக்சிகோ சிட்டியில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம், பிற்பகலில் இடி மழை வழக்கம். 2023 மே 20-ல் போபோகாதெபெட்ல் எரிமலைச் சாம்பலால் ஏர்போர்ட்டையே சில மணி நேரம் மூட வேண்டியிருந்தது. முக்கியமான வேலைக்குப் போகிறீர்கள் என்றால் காலை விமானமே பாதுகாப்பு.

பஸ்: நம்ம ஊர் ஆம்னி பஸ் என்று நினைக்காதீங்க

ரயில் இல்லாத நாட்டில் பஸ் துறை நன்றாக வளர்ந்திருக்கிறது. ஈடிஎன், பிரிமேரா பிளஸ், ஓம்னிபுஸ் டே மெஹிகோ, ஃபுத்துரா ஆகியவை இந்தத் தடத்தில் ஓடும் பெயர்கள்.

ஈடிஎன் மாதிரி உயர்வகுப்பு பஸ்களில் ஒரு வரிசைக்கு மூன்றே சீட்: ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. தனியாகப் போகிறவர்கள் அந்த ஒற்றை சீட்டை எடுத்தால் பக்கத்தில் யாரும் கிடையாது. சீட் நன்றாகச் சாயும், கால் நீட்டலாம், உள்ளேயே கழிவறை. ஆனால் நம்ம ஸ்லீப்பர் பஸ் மாதிரி படுக்கை கிடையாது.

பயண நேரம் சுமார் 7 மணி. முதல் வகுப்புக் கட்டணத்தை 1,000 பெசோவை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், நிறுவனம், நாள், வகுப்பைப் பொறுத்து மேலே கீழே போகும். 1 பெசோ சுமார் 5 ரூபாய் என்று போட்டால் 5,000 ரூபாய். 25 கிலோ பெட்டி வரை தனிக்காசு இல்லை. பெட்டிக்குக் கொடுக்கும் ரசீதைத் தொலைக்காதீர்கள், இறங்கும்போது அதைக் காட்டினால்தான் பெட்டி கைக்கு வரும்.

மெக்சிகோ சிட்டியில் எங்கே ஏறுவது? இந்த ஊரில் நான்கு திசைக்கு நான்கு பெரிய பஸ் நிலையங்கள். குவாதலஹாராவுக்கு முக்கியமானது வடக்கு நிலையமான சென்ட்ரல் டெல் நோர்தே. மேற்கே ஒப்செர்வத்தோரியோ நிலையத்தில் இருந்தும் பஸ் உண்டு, சாந்தா ஃபே பக்கம் அலுவலகம் இருப்பவர்களுக்கு அது வசதி.

தெரிந்துவைத்தால் உதவும் ஒரு விஷயம்: வடக்கு நிலையத்தின் வாசலிலேயே இருக்கும் மெட்ரோ ஸ்டேஷன், ஏர்போர்ட் டெர்மினல் 1 ஸ்டேஷன் இருக்கும் அதே 5-ஆம் பாதையில் இருக்கிறது. ஏர்போர்ட்டில் இருந்து எட்டாவது ஸ்டேஷன், மாற வேண்டியதே இல்லை. இந்தியாவில் இருந்து வந்திறங்கி உள்நாட்டு விமானத்தைத் தவறவிட்டால், 5 பெசோவில் பஸ் நிலையத்துக்குப் போய்விடலாம். நெரிசல் நேரத்தில் பெரிய பெட்டியோடு மெட்ரோ ஏறுவது மட்டும் கஷ்டம்.

குவாதலஹாராவில் இறங்கும் இடம், தென்கிழக்கே இருக்கும் நுயெவா சென்ட்ரல் என்ற பெரிய நிலையம். அது ஒரே கட்டடம் இல்லை, வரிசையாக ஏழு பகுதிகள். எந்தப் பகுதியில் உங்கள் பஸ் என்று டிக்கெட்டில் பார்க்காமல் போனால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடை. முன்பெல்லாம் இங்கிருந்து ஊருக்குள் போவதே பெரும்பாடு. 2020 செப்டம்பரில் திறந்த 3-ஆம் ரயில் பாதை அதை மாற்றிவிட்டது. நிலையத்தில் ஏறினால் தலாக்கேபாக்கே, நகர மையம் வழியாக சபோபன் வரை நேரே போகலாம்.

கார்: நான்கு பேர் சேர்ந்தால் மட்டும்

சாலையில் இரண்டே வகை. "குவோத்தா" என்றால் கட்டணச் சாலை. "லிப்ரே" என்றால் இலவசச் சாலை. இந்தப் பயணத்துக்கு எப்போதும் குவோத்தா. 15டி என்ற கட்டணச் சாலை தொலூக்கா பக்கம், அத்லாகொமுல்கோ, மராவத்தியோ, குயித்செயோ ஏரி, ஒகொத்லான், சபொத்லனெஹோ வழியாகப் போகிறது. நிற்காமல் ஓட்டினால் 6 மணி நேரத்தை ஒட்டி.

செலவு கணக்கு: 540 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் சுமார் 39 லிட்டர். பச்சைக் குழாயில் வரும் சாதாரண பெட்ரோலுக்கு, அரசும் பங்க் உரிமையாளர்களும் 2025-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி உச்ச விலை லிட்டருக்கு 24 பெசோ. ஆக சுமார் 930 பெசோ. டோலுக்கு ஆயிரத்துக்கு மேல் எடுத்துவையுங்கள். ஒரு வழிக்கு மொத்தம் 2,000 பெசோ என்பது தோராயம். தனியாகப் போனால் பஸ்ஸைப் போல இரண்டு மடங்கு. நான்கு பேர் என்றால் தலைக்கு 500, பஸ்ஸில் பாதி.

வாடகைக் கார் என்றால் கூடுதலாக மூன்று விஷயம்:

– ஆன்லைனில் காட்டும் வாடகையில் கட்டாயக் காப்பீடு பெரும்பாலும் சேர்ந்திருக்காது. கவுன்ட்டரில் போனதும் தொகை ஏறும். முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.
– ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விட்டால் தனிக்கட்டணம்.
– மெக்சிகோவில் வண்டி ஓட்டுவது சாலையின் வலதுபக்கம். நமக்கு நேர் எதிர். நெடுஞ்சாலையில் பழகிவிடலாம், மெக்சிகோ சிட்டி ரவுண்டானாவில் முதல் நாளே பழகுவது வேறு கதை.

இதற்கு மேல் "ஓய் நோ சிர்குலா" என்ற விதியும் இருக்கிறது. காற்று மாசைக் குறைக்க, பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து வாரத்தில் ஒரு நாள் பல கார்கள் மெக்சிகோ சிட்டியில் ஓடக்கூடாது. திங்களன்று 5, 6. செவ்வாயன்று 7, 8. புதனன்று 3, 4. வியாழனன்று 1, 2. வெள்ளியன்று 9, 0. புகைச் சோதனையில் தேறிய ஸ்டிக்கர் இருந்தால் விலக்கு உண்டு, வெளிமாநிலப் பதிவெண்ணுக்குக் கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. ஜாலிஸ்கோ பதிவெண் காரில் தலைநகருக்குள் நுழையும் முன் இதைச் சரிபார்க்கவில்லை என்றால் அபராதம், வண்டி பறிமுதல் வரை போகலாம்.

பாதுகாப்பு: பயப்படணுமா?

பயம் தேவையில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. இந்தச் சாலையின் பெரும்பகுதி மிச்சோவகான் மாநிலத்துக்குள் போகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பயண எச்சரிக்கையில் இந்த மாநிலத்தை "போகாதீர்கள்" என்ற நான்காம் நிலையில் வைத்திருக்கிறது. ஆனால் அதே எச்சரிக்கைக்குள் ஒரு விலக்கும் உண்டு: மெக்சிகோ சிட்டிக்கும் குவாதலஹாராவுக்கும் இடையே 15டி சாலை வழியாகக் கடந்துபோக அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு அனுமதி இருக்கிறது. நமக்கான பாடம் அந்த விலக்கிலேயே இருக்கிறது. கட்டணச் சாலையை விட்டு இறங்காதே, கடந்து போ, நடுவில் சுற்றிப் பார்க்காதே.

குற்றக் கும்பல்கள் வண்டிகளை எரித்துச் சாலையை மறிக்கும் சம்பவங்கள் அபூர்வம் என்றாலும் நடக்கின்றன. 2022 ஆகஸ்ட் 9-ல் ஜாலிஸ்கோவிலும் பக்கத்து குவானஹுவாத்தோவிலும் ஒரே இரவில் பல இடங்களில் வாகனங்களும் கடைகளும் எரிக்கப்பட்டன. அப்படி ஒரு நாளில் சாலையில் இருப்பவர்தான் மாட்டுவார், விமானத்தில் இருப்பவர் அல்ல. ஆக, கிளம்பும் நாள் காலையில் உள்ளூர்ச் செய்தியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காரில் போனால் பகலில் மட்டும் போங்கள். பாதி டேங்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் 078-ஐ அழைத்தால் "பச்சைத் தேவதைகள்" என்ற அரசு உதவி ரோந்து வண்டி வரும். அவசரத்துக்கு 911. டோல் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் சாலை விபத்துக் காப்பீடு அடக்கம்.

இரவு பஸ் ஏறலாமா? முதல் வகுப்பு நேரடி பஸ்கள் கட்டணச் சாலையிலேயே, நடுவில் ஆள் ஏற்றாமல் போகின்றன. ஏறும் முன் பை சோதனையும் உண்டு. தினமும் ஏராளமானோர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் வெளிநாட்டு அரசுகளின் பயண அறிவுரை "முடிந்தவரை பகலில்" என்றே இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பயணக் கொள்கையும், காப்பீடும் இரவுச் சாலைப் பயணத்தை அனுமதிக்கிறதா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. ஏதாவது நடந்தபின் கேட்கும் கேள்வி இல்லை அது.

சரி, வாசல் டு வாசல் கணக்கு

மெக்சிகோ சிட்டியின் ரோமா பகுதியில் இருந்து குவாதலஹாராவின் சபோபன் பகுதிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். கீழே இருப்பவை என் அனுமானங்கள். உங்கள் வீடு, நேரத்துக்கு ஏற்ப எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

விமானம், பழைய ஏர்போர்ட்: ஏர்போர்ட் வரை 45 நிமிடம். முன்கூட்டியே போய்க் காத்திருப்பது 90. பயணம் 85. இறங்கி வெளியே வர 25. ஏர்போர்ட்டில் இருந்து சபோபன் 50. மொத்தம் 295 நிமிடம், அதாவது 4 மணி 55 நிமிடம்.

விமானம், புதிய ஏர்போர்ட்: ஏர்போர்ட் வரை 90 நிமிடம், மற்றதெல்லாம் அதேதான். மொத்தம் 5 மணி 40 நிமிடம்.

பஸ்: நிலையம் வரை 40 நிமிடம். காத்திருப்பு 30. பயணம் 420. வெளியே வர 10. 3-ஆம் பாதை ரயிலில் சபோபன் 45. மொத்தம் 545 நிமிடம், அதாவது 9 மணி 5 நிமிடம்.

கார்: இரு நகர நெரிசலையும் சேர்த்து 6½ மணி, சாப்பாடு, ஓய்வுக்கு 45 நிமிடம். மொத்தம் 7 மணி 15 நிமிடம்.

இதில் கவனிக்க வேண்டியது: டிக்கெட்டில் பார்த்தால் பஸ்ஸைவிட விமானம் ஐந்து மடங்கு வேகம். வாசல் டு வாசல் பார்த்தால் இரண்டு மடங்குகூட இல்லை. விமானப் பயணத்தில் நீங்கள் விமானத்துக்குள் இருப்பது மொத்த நேரத்தில் 29% மட்டும். மீதி 71% டாக்ஸி, வரிசை, காத்திருப்பு.

இன்னொரு அளவுகோலும் போட்டுப் பார்க்கலாம்: கண் விழித்திருக்கும் நேரத்தில் எவ்வளவு போகிறது? விமானத்தில் 5 மணி நேரமும் விழித்திருக்கும் நேரம்தான். இரவு பஸ்ஸில் தூங்கும் 7 மணியைக் கழித்தால் 2 மணி சொச்சம். ஹோட்டல் செலவும் ஓர் இரவுக்கு மிச்சம். இந்த ஒரு கணக்கால்தான் இரவு பஸ்ஸில் கூட்டம் குறைவதில்லை. ஆனால் உட்கார்ந்தே தூங்கும் தூக்கம் உங்களுக்கு வருமா என்பதை நீங்கள்தான் சொல்லணும்.

உதாரணம்: காலை 10 மணிக்குத் தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட்

நீங்கள் இருப்பது குவாதலஹாரா. போக வேண்டியது மெக்சிகோ சிட்டியின் பொலாங்கோ பகுதி.

காலை 7.30 விமானம்: 8.55-க்கு இறங்கி, 9.15-க்கு வெளியே வந்தால், அது உச்சகட்ட நெரிசல் நேரம். பொலாங்கோவுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். எல்லாம் சரியாக நடந்தாலே 10 மணி. 20 நிமிடம் தாமதமானால் போச்சு.

காலை 6 மணி விமானம்: 7.25-க்கு இறங்கி, 9-க்குள் பொலாங்கோ. ஒரு மணி நேரத் தாமதத்தைத் தாங்கும். விலை, அதிகாலை 3.30-க்கு எழுந்திருப்பது.

இரவு 11 மணி பஸ்: காலை 6-ஐ ஒட்டி வடக்கு நிலையம். அங்கிருந்து மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன் போய் 6-ஆம் பாதைக்கும், எல் ரொசாரியோவில் 7-ஆம் பாதைக்கும் மாறினால் பொலாங்கோ ஸ்டேஷன். இரண்டு மணி நேரத் தாமதத்தைக்கூடத் தாங்கும். ஆனால் மிச்சோவகானை இருட்டில் கடக்கணும்.

முந்தைய நாள் பகல் பஸ், இரவு ஹோட்டல்: பாதுகாப்பில் இதுவே நிம்மதி. செலவில் அதிகம், ஒரு நாள் லீவும் போகும்.

இன்னொரு விஷயம். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், இந்தியாவைவிட 11½ மணி பின்னால். 2022-ல் கோடைக்கால நேர மாற்றத்தை மெக்சிகோ பெரும்பாலான பகுதிகளில் கைவிட்டுவிட்டதால் இந்தக் கணக்கு ஆண்டு முழுக்க மாறாது. சென்னை அலுவலகத்தின் மாலை 6.30 மணி கால் உங்களுக்குக் காலை 7 மணி. பஸ்ஸில் இருந்தே பேசிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். வைஃபை இருக்கும் என்று போட்டிருந்தாலும், மலைப் பகுதிகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

எந்த நாளைத் தவிர்க்கணும்?

மெக்சிகோவின் நீண்ட வார இறுதிகளை "புவெந்தே" என்பார்கள், பாலம் என்று அர்த்தம். பிப்ரவரி முதல் திங்கள், மார்ச் மூன்றாம் திங்கள், நவம்பர் மூன்றாம் திங்கள் அரசு விடுமுறை. இந்த வாரங்களிலும், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும், கிறிஸ்துமஸ் நேரத்திலும் எல்லாமே நிரம்பும். விமான விலை பல மடங்கு ஏறும், பஸ் விலை அந்த அளவு ஏறாது, ஆனால் சீட் தீர்ந்துவிடும்.

டிசம்பர் 12 குவாதலூப்பே அன்னை விழாவுக்கு முன் சில நாட்கள், மெக்சிகோ சிட்டியை நோக்கி நடந்தும் சைக்கிளிலும் பக்தர்கள் நெடுஞ்சாலையில் வருவார்கள். அக்டோபர் 12-ல் சபோபன் அன்னை ஊர்வலம், அன்று அந்தப் பகுதிச் சாலைகளை மறந்துவிடுங்கள். ஞாயிறு மாலை தொலூக்கா பக்கத்தில் இருந்து தலைநகருக்குத் திரும்பும் சாலை எப்போதுமே நெரிசல்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

– பாஸ்போர்ட், விசா அல்லது குடியேற்ற அட்டை, அசல். நெடுஞ்சாலையில் பஸ்ஸை நிறுத்திக் குடியேற்ற அதிகாரிகள் கேட்பது உண்டு. போனில் இருக்கும் படம் போதாது.
– செல்லுபடியாகும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசா வைத்திருப்பவர்கள் தனி மெக்சிகோ விசா இல்லாமல் சுற்றுலாவாகவோ, சம்பளம் பெறாத வணிகச் சந்திப்புக்கோ வரலாம். மெக்சிகோவில் சம்பளத்துக்கு வேலை செய்ய அது செல்லாது.
– பஸ் டிக்கெட்டில் "தீரெக்தோ" என்று இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் நிற்காது என்று அர்த்தம்.
– சில்லறை பெசோ. மெட்ரோ, டிப்ஸ், பஸ் நிலையக் கழிவறை எல்லாவற்றுக்கும் காசுதான்.
– ஒரு மெல்லிய போர்வை அல்லது ஜாக்கெட். பஸ்ஸில் ஏசியைக் குறைக்கச் சொன்னால் சிரிப்பார்கள், குறைக்க மாட்டார்கள்.

அப்போ யாருக்கு எது?

நிறுவனம் காசு கொடுக்கிறது, ஒரே நாளில் போய்த் திரும்பணும் என்றால் விமானம். யோசிக்கவே வேண்டாம், ஆனால் பழைய ஏர்போர்ட்டாகப் பாருங்கள்.

சொந்தக் காசு, இரண்டு மூன்று வாரம் முன்பே தெரியும், கையில் ஒரு பைதான் என்றால் அப்போதும் விமானம். அந்த நேரத்தில் மலிவு டிக்கெட் பஸ் கட்டணத்துக்குக் கீழேயே கிடைக்க வாய்ப்பு உண்டு.

நாளை கிளம்பணும், பெட்டி இரண்டு, விமான விலை எகிறிவிட்டது என்றால் பகல் பஸ். ஒற்றை சீட்டை எடுங்கள்.

நான்கு நண்பர்கள், வலதுபக்கம் ஓட்டிப் பழகிய ஒருவராவது உண்டு, பகலில் போய்ச் சேர முடியும் என்றால் கார்.

குடும்பத்தோடு புதிதாக இடம் மாறுகிறீர்கள், ஊரும் மொழியும் புதிது என்றால் முதல் பயணத்துக்கு விமானமே போதும். மொழி கொஞ்சம் பழகி, குவோத்தாவுக்கும் லிப்ரேவுக்கும் வித்தியாசம் தானாகக் கண்ணில் படத் தொடங்கியபின் சாலையை யோசிக்கலாம்.